கனவில் முடித்த வேலைகள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கனவு எல்லோருக்கும்தான் வருகிறது. இவர்கள் மட்டும் ‘இது கனவுதான்’ என்று தெரிந்துகொண்டே காண்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. எழுந்ததும் நம்மைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்கள்.

இந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பாருங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கதவில் ‘பத்து நிமிடத்தில் வருகிறேன்’ அட்டையை மாட்டிவிட்டு, கண் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கனவில் ஒரு முழு நாள் ஓடுகிறதாம். கிடைத்த நாளை வீணாக்குவாரா? சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றி, மாடிக் கதவுக்கு எண்ணெய் விட்டு, மகளுக்குச் சைக்கிள் பழக்கி, மிச்ச நேரத்தில் கொஞ்சம் பறந்தும்விட்டு எழுந்து வருவார். முகத்தில் உழைத்த களைப்பு வேறு!

“குழாய் இன்னும் ஒழுகுதே” என்பார் மனைவி.

“அதான் முடிச்சாச்சேம்மா!”

“எங்க?”

அவர் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

“அப்பா, சைக்கிள்?” என்று ஒன்பது வயது மகள் வந்து நிற்பாள்.

“நீதான் ரெண்டு தெரு தாண்டித் தனியா போறியே, கண்ணு! என்னமா ஓட்டுற!”

மகள் அவரை ஏற இறங்கப் பார்ப்பாள். உள்ளே போய்விடுவாள்.

லீவுக்கு வந்தார் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர்.

“அத்தான், கனவுல நூறு வரைக்கும் எண்ணுங்க. ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடிச்சதும் ஒரு தடவை கண்ணை இடமும் வலமுமா உருட்டுங்க. இமை அசையறது எனக்குத் தெரியும், நான் வாட்ச்ல நேரம் பார்த்துக்கறேன்.”

நான்கு மதியம் பறக்கிற சுகத்தில் எண்ணவே மறந்துபோனார். ஐந்தாம் நாள் இமை அசைந்தது. பிறகு மறுபடி அசைந்தது.

“ரெண்டு செகண்டு ஆயிருக்குமா?” என்று பெருமையோடு எழுந்தார்.

“நூத்திரெண்டு. காலையில முழிச்சிருக்கும்போது உங்களை எண்ணச் சொல்லிப் பார்த்தேனே, அது தொண்ணூத்தெட்டு.”

“அப்போ என்னோட ஒரு நாள்?”

“அதே பத்து நிமிஷம்தான் அத்தான். உங்களுக்கு நாளாத் தோணியிருக்கு.”

கடைக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கினார். மூன்று மாதமாகக் கனவில் சைக்கிள் பின்னால் ஓடினாரே, அது? பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். தெருவில் மகள் சைக்கிளோடு நின்றாள். பாய்ந்து போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாத கண்ணு, அப்பா பிடிச்சிருக்கேன்.”

“விடுங்கப்பா, நீங்க பிடிச்சாத்தான் ஆடுது.”

“யாரு கத்துக்குடுத்தா?”

“அம்மா. போன மாசமே.”

விட்டார். மணியடித்துக்கொண்டு மகள் தெருமுனை திரும்பி மறைந்தாள். சீட்டைப் பிடித்த கை அப்படியே நீண்டிருக்க, அவர் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் குழாய்க்கு நிஜமாகவே வாஷர் மாற்றினார். ஐம்பது நிமிடம் ஆயிற்று; விரலில் ஒரு வெட்டு. மனைவி டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

சிரிக்கிறீர்களா? உங்களுக்குக் கனவே வருவதில்லையா? நல்லது. ஆனால், ரொம்ப நாளாகப் பேசாமலிருக்கும் ஒருவரிடம் குளியலறையில் முழுசாகப் பேசி, அவருடைய பதிலையும் நீங்களே சொல்லி, சமாதானமாகித் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருகிறீர்களே, அது அவருக்குத் தெரியுமா?