வேலியை நிறுத்திய பன்னிரண்டு மணி நேரம்

அன்புத் தங்கை ஃபெம்மிக்கு,

உன் அண்ணன் லம்மர்ட் தன் கையாலேயே எழுதுவது. எழுபத்திரண்டு வயதில் நூலக வகுப்பில் எழுத்துக் கற்று, எழுதும் முதல் கடிதம். நானும் முப்பத்தொரு ஆடுகளும் நலம். உன் முழங்கால் நலமா?

போன வாரம் பக்கத்து ரேடியோ தொலைநோக்கியிலிருந்து டினெகே என்ற பெண் வந்தாள். "ஐயா, உங்க வேலி கத்துது" என்றாள். "இங்க ஆடுதாம்மா கத்தும்" என்றேன். மின்வேலி துடிக்கும்போதெல்லாம் அவளுடைய படத்தில் கோடு விழுகிறதாம். ஒரே கேலக்ஸியின் இரண்டு படங்களைக் காட்டினாள். சாதாரண வெளிச்சத்தில் அது சிவந்துபோன கிழம்; நட்சத்திரம் பிறப்பது நின்று வெகுகாலம் ஆயிற்று. ரேடியோவில் பார்த்தால் அதைச் சுற்றி வாயு, பக்கத்துச் சின்ன கேலக்ஸி வரை நீண்டு கிடக்கிறது. "கிழடு சின்னதோட வாயுவ இழுத்துக் குடிக்குதுன்னு நெனைக்கிறேன். அப்படின்னா மறுபடி நட்சத்திரம் பொறக்கும். ஆனா கோடு விழுந்த படத்த யாரு நம்புவா? வியாழக்கிழமை பன்னெண்டு மணி நேரம் குடுத்திருக்காங்க. இந்த வருஷத்துக்கு அவ்ளோதான். அன்னிக்கு மட்டும் வேலிய நிறுத்துறீங்களா?" கிழத்துக்கு மறுபடி என்றதும் நான் சம்மதித்துவிட்டேன்.

வியாழன் காலை ஆறு மணிக்கு வேலியின் மின்சாரத்தை நிறுத்தி, கோடு போடும் என்று அவள் சொன்ன கைபேசியையும் அணைத்து, கோலோடு நின்றேன். காபி குடிக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். கம்பியில் ஷாக் இல்லை என்பதை ஆடுகள் கற்றுக்கொண்டுவிட்டன, நான் எழுத்துக் கற்றதைவிட வேகமாக. முப்பத்தொன்றும் பக்கத்து நிலத்து ஹார்மின் பீட்ரூட் வயலில். ஹார்ம் ஓடிவந்து மகனைக் கூப்பிடப் போனை எடுத்தான். "போன வைடா! கேலக்ஸி கெட்டுடும்!" "என் பீட்ரூட்டு கெட்டுப்போச்சு, அதுக்கு எந்த கேலக்ஸிடா பதில் சொல்லும்?" விஷயத்தைச் சொன்னேன். "கெழவனுக்குக் கெழவன் சிபாரிசு" என்று முனகிக்கொண்டே போனை அணைத்தான். ஆடுகளைத் திருப்பி ஓட்டிவிட்டு, மாலை ஆறு வரை கொட்டும் மழையில் இருவரும் கையை விரித்துக்கொண்டு நாங்களே வேலியாக நின்றோம். டினெகே வந்து, "ஒரு கோடுகூட இல்லய்யா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். ஆக, தங்கையே, கிழம் குடிக்கிறது. நட்சத்திரம் பிறக்கப் போகிறது. எல்லோருக்கும் சொல்.

உன் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவர் நல்ல உடம்பும் நல்ல பசியும் தரட்டும்.

இப்படிக்கு,
லம்மர்ட்

பின்குறிப்பு: இன்று காலை டினெகே மறுபடி வந்தாள். வெப்பத்தைக் காட்டும் மூன்றாவது படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தாளாம். புது நட்சத்திரங்கள் பிறப்பது சின்னதில்தான். கிழத்திடமிருந்துதான் அது குடிக்கிறது. "நெனச்சதுக்கு நேர்மாறா ஆயிடுச்சு. வருத்தமாய்யா?" என்றாள். "குடுக்குறதுக்கு அதுகிட்ட இன்னும் இருந்துச்சேம்மா!" என்றேன். ஆகவே மேலே எழுதியதை நீ தலைகீழாகப் படித்துக்கொள். நாலு நாள் எழுதியது, கிழிக்க மனம் வரவில்லை.