மூன்று மூட்டை விஞ்ஞானம்

"இந்த வீட்டில் இனிமேல் அறிவின் ஆட்சி!" என்று ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை பிரகடனம் செய்தேன். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. மாட்டுக்கு அந்தப் பக்கம் குந்திப் பால் கறந்துகொண்டிருந்த என் மனைவி விருத்தாம்பாள் தூக்கவில்லை.

"அப்போ இதுவரைக்கும் யாரு ஆட்சி?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் ஊருக்கே தெரியும். கரியமாணிக்கத்தில் யாரையாவது நிறுத்தி, தணிகைவேல் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "விருத்தாம்பா வூடா?" என்று உங்களைத் திருத்திவிட்டுத்தான் வழி காட்டுவார்கள்.

பதினாலாம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் திருநாள். கடற்கரையில் பாண்டு வாத்தியம், ஓட்டப்பந்தயம், வழுக்கு மரம், இருட்டியதும் வாணவேடிக்கை. என் கூட்டாளி தனிஸ்லாஸ் தன் வில்வண்டியைப் பூட்டுகிறான். அவன் ஒரு காலத்தில் ஏதோ ஒரு துரை வீட்டில் வண்டி ஓட்டியவன். அன்றிலிருந்து தும்மினால்கூடப் பிரெஞ்சில்தான் தும்முவான்.

"கத்தோர்ஸ் ழுய்யே, மொன் அமி! ஜூலை பதினாலு, கூட்டாளி! வண்டியில ஒரே ஒரு இடம் கீது. உங்க வூட்டுக்குத்தான்!" என்றிருந்தான்.

ஒரே ஓர் இடம். எங்கள் வீட்டிலோ இரண்டு பேர், ஒரு கறவை மாடு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியாது. ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். கல்யாணமான நாள் முதலாய் நான் போகிறேன், அவள் இருக்கிறாள். நியாயமான ஏற்பாடு. அதில்தான் இந்த வருஷம் அவள் கை வைத்தாள்.

"இந்த வாட்டி நான் போறேங்க. வானத்துல பூ பூக்குமாமே! மதலேனா சொல்லிச் சொல்லி எனக்கு ஆசையா கீது."

மதலேனாள் என்பது தனிஸ்லாஸின் மனைவி. அவனுடைய பிரெஞ்சு செல்லாத ஒரே இடம்.

'நீ போகக்கூடாது' என்று சொல்ல எனக்கு ஒரு கணம் போதும். சொன்ன பிறகு வரும் கணங்களுக்குத்தான் ஆள் போதாது. ஆகவே அறிவைத் துணைக்கு அழைத்தேன்.

"விருத்தாம்பா, வாணவேடிக்கை என்பது விஞ்ஞானம். அறியாதவர் பார்த்தால் 'ஐயோ அழகு' என்பார். அறிந்தவர் பார்த்தால் 'ஆகா, கந்தகம்!' என்பார். யாருக்கு அறிவோ அவர் போகட்டும். தினம் சில விஞ்ஞானச் சொல் சொல்லுவேன். அத்தனையும் விளங்கினால் நீ போ. ஒன்று விளங்காவிட்டாலும் நான் போவேன்."

"சரி."

தாலி கட்டும்போதுகூட அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பது என் பழக்கமில்லை; அறிவாளிகள் பலரும் அப்படித்தான்.

என் அறிவின் ஊற்று ஓர் அகராதி. வில்லியனூர்த் தேரின்போது பழைய சாமான் கடையில் வாங்கியது. மற்ற எழுத்துகளையெல்லாம் எனக்கு முன்பே கறையான் படித்து முடித்துவிட்டது. 'க' மட்டும் மிச்சம். ஆகவே காற்று, காந்தம், கரி, கந்தகம், குமிழி, எதை வேண்டுமானாலும் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். மழை, மின்னல் பற்றி என்றால் கறையானைத்தான் கேட்க வேண்டும்.

முதல் பாடம் காந்தம்.

"காந்தம் என்பது இரும்பைத் தன்பால் இழுக்கும் பொருள். விளங்கிற்றா?"

"விளங்காம இன்னா? உங்க அக்கா வந்தா நம்ம வூட்டு வெங்கலம் அத்தனையும் அது பின்னாலயே போவுதே. அது வெங்கலக் காந்தம்."

அடுத்தது கொதிநிலை.

"தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ, அது."

"தண்ணிக்கு அடுப்பு வேணும். உங்களுக்குக் குழம்புல உப்பு ஒரு கல்லு கொறஞ்சாப் போதும்."

கரைசல் என்றேன். "சர்க்கரை தண்ணீரில் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளேயே இருக்கும்."

"எங்கப்பா எனக்குப் போட்ட சங்கிலி மாதிரி. கண்ணுக்குத் தெரியல. உள்ளயாச்சும் கீதா?"

அன்றைய பாடத்தை அத்தோடு முடித்தேன். மறுநாள், இதில் மாட்டுவாள் என்று கிரகணத்தை எடுத்தேன்.

"ஒன்று பார்க்கிறது. ஒன்று ஒளிர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்று வந்து நின்று மறைக்கிறது. இதுவே கிரகணம்."

"புரியுதே! பாக்கறவ நானு. ஒளிர்றது வாணவேடிக்கை. நடுவுல நிக்கிறது..." என்று என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாட்டுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள்.

பதின்மூன்றாம் தேதி ஆயிற்று. அகராதி முக்கால்வாசி தீர்ந்தது. என் நம்பிக்கை முழுவதும் தீர்ந்தது. பக்கத்தைப் புரட்டினேன். ஒரு சொல் கண்ணில் பட்டது. கனம்!

படித்த உடனே என் மூளையில் ஒரு திட்டம் பூத்தது. நெல் விளைகிற ஊரில் பிறந்தவனுக்கு மட்டுமே பூக்கும் திட்டம். நெல்லைத் தண்ணீரில் போட்டால் நல்லது கனம், மூழ்கும். கருக்காய் லேசு, மிதக்கும். அது பாடம். ஆனால் நனைந்த நெல் யாருக்கும் காத்திருக்காது. ஊறினதை விடிந்ததும் அவிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாறும். அவித்ததைச் சூடு ஆறுவதற்குள் மெல்லிசாக விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கெடும். விரித்ததைப் பகலெல்லாம் துழாவிக் காவல் காக்க வேண்டும். இல்லாவிட்டால் காக்கைக்குப் பந்தி. அதாவது, இன்று மாலை நெல் நனைந்தால் நாளை வீட்டுக்காரி நகர முடியாது. அவள் பாடத்தில் ஜெயித்தாலும் நான்தான் வண்டியில்!

ஒரு கை நெல்லைச் செம்பில் போட்டேன்.

"பார்த்தாயா? கனமானது மூழ்குகிறது. லேசானது மிதக்கிறது."

விருத்தாம்பாள் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். தலையைச் சொறிந்தாள்.

"புரியலீங்களே."

புரியவில்லை! என் காதில் தேன் ஊற்றினாற்போல் இருந்தது. ஒரு முறம் நெல்லை அண்டாவில் கொட்டினேன்.

"இப்போது?"

"கொஞ்சமா கீறதால தெரியல போல. மூட்டையப் பிரிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

பிரித்தேன். தொட்டியில் கொட்டினேன். அவளே குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மூட்டை என்றால் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னொன்றையும் கொட்டினேன். சந்தேகம் முழுக்கத் தெளியவில்லை. மூன்றாவதும் போயிற்று.

"இன்னும் விளங்கவில்லையா?"

"என் மரமண்டைக்கு ஏறலீங்க. நான் தோத்துட்டேன். நீங்களே போயிட்டு வாங்க" என்றாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

எனக்கே பாவமாகப் போய்விட்டது. வரும்போது பொட்டுக்கடலை வாங்கி வருவதாக வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கோழி கூவும்போதே கொல்லையில் இரண்டு அடுப்பு எரிந்தது. மதலேனாள்கூட ஒத்தாசைக்கு வந்திருந்தாள். "பாவம்ணே, அக்கா ஒண்டியா கஷ்டப்படுது" என்றாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே எண்ணெய் தேய்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். திருநாள் முழுக்கு. சீயக்காயை மூன்று தரம் போட்டுத் தேய்த்து, நீந்தி, ஈரத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாண்டுக்காரன்போல வாயால் ஊதிக்கொண்டே வீடு வந்தேன்.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். பெட்டி காலி.

"விருத்தாம்பா! என் வேட்டி எங்கே?"

"வாசல்ல கீதுங்க."

வாசலுக்கு வந்தேன். ஏழு பாய். இரண்டு ஜமுக்காளம். போர்வைகள். நான் அன்றாடம் கட்டும் வேட்டிகள். எல்லாவற்றின் மேலும் ஆவி பறக்கும் நெல். அதற்கு அப்பால் என் சரிகைக்கரை வேட்டி, அதன் மேல் நெல். தலைப்பாகைத் துணி வாசல் நீளத்துக்கு ஒரு வாய்க்கால்போல் ஓடிற்று, அதிலும் நெல். கடைசியில் என் கறுப்புக் கோட்டு. இரண்டு கையையும் நீட்டி, ஒரு மனிதன் குப்புற விழுந்து கிடப்பதுபோலக் கிடந்தது. முதுகு நிறைய நெல்.

"இதென்னடி அநியாயம்!"

"ராவு தூறல் போட்டுச்சே, தரை முச்சூடும் ஈரம். ஈரத்துல கொட்டுனா கெட்டுப்பூடாது? நம்ம வூட்டுப் பாயி ஒரு மூட்டைக்குத்தான் தாங்கும். நீங்க போட்டது மூணு."

"உன் சேலையை விரிப்பதுதானே?"

"ஒண்ணு மாட்டுக்கொட்டா பக்கத்துல நெல்லோட கீது. இன்னொண்ணு நான் கட்டிக்கினு கீறேன். உருவிக் குடுக்கவா?"

அப்போதுதான் கவனித்தேன். கட்டிக்கொண்டிருந்தது அரக்குச் சேலை. தலை நிறையக் கனகாம்பரம். அடுப்பில் வெந்தவள் எப்போது குளித்தாள், எப்போது உடுத்தினாள்? நான் மூன்று தரம் சீயக்காய் தேய்த்த நேரத்தில்.

கோட்டின் ஒரு கையைப் பிடித்துத் தூக்கினேன். நெல் சரிந்தது. துணியெல்லாம் பழுப்பாய்க் கறை, ஒரு புழுங்கல் வாடை.

"மெதுவாங்க! அது நம்ம சோறு!"

வாசலில் சலங்கை கேட்டது. தனிஸ்லாஸ், தொப்பியும் பூட்சுமாக.

"அலோன், அலோன்! நேரமாச்சி! இன்னாய்யா தணிகை, துண்டோட நிக்கிற?"

"கொஞ்சம் பொறு தனிஸ்லாஸ். உன் வேட்டி ஒன்று கொடு."

"என்துல ஒண்ணு என் இடுப்புல கீது. மத்ததெல்லாம்..." என்று பேந்தப் பேந்த விழித்தான். "மதலேனா காலையில வெளுக்கப் போட்டுட்டா."

மதலேனாள் வண்டிக்குள்ளிருந்து மாட்டைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் பார்த்தாள்.

"துண்டோடயே வா, ஒண்ணும் மோசமில்ல. ஆனா கடற்கரையில உன்னப் புடிச்சி வழுக்கு மரத்துல ஏத்தி வுட்டுடுவானுங்க" என்றான் அந்தத் துரோகி.

விருத்தாம்பாள் ஒரு நீளக் கோலை என் கையில் கொடுத்தாள். "இடம் வீணாப் போவக் கூடாதுன்னு நான் போறேங்க. தோத்தவதான், ஆனா வேற ஆளு இல்லியே. அப்பப்போ துழாவி வுடுங்க. சாயந்தரம் மாட்டைக் கறந்துடுங்க."

சலங்கை போயிற்று. காக்கை வந்தது. ஒன்றல்ல, பக்கத்து ஊர் நெட்டப்பாக்கத்துக் காக்கைகள்கூட வந்திருந்தன. எல்லாம் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தன. நான் மட்டும் துண்டோடு கோலைச் சுழற்றினேன். மாடு கறக்கப் போனால் காக்கை, காக்கையைத் துரத்தினால் ஆடு. இருட்டியதும் கிழக்கே பார்த்தேன். பனைமரம் தெரிந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் வண்டி வந்து நின்றது. விருத்தாம்பாள் இறங்கினாள். தூங்காத கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள்போல் நடந்து வந்தாள். இரண்டு நாள் வெயிலில் கறுத்து, துண்டோடு கோலை ஊன்றி நின்ற என்னைக் கண்டதும் மனம் இளகிவிடுவாள் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் வாட்டிக்கொண்டேன்.

நேராகக் கோட்டண்டை போனாள். குனிந்து ஒரு நெல்லை எடுத்தாள். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வெயில் காயணும். கோலோட குந்துங்க."