காலத்தை வென்றவர்

விமானத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு உலகம் சிலை வைத்தது. அதே விமானத்தை இன்னும் வேகமாகப் பறக்கவைத்த 'பயண நேரக் குறைப்புக் குழு'வுக்கோ ஓடாத ஏ.சி.யைச் சரிசெய்து தரக்கூட ஆளில்லை.

இந்த மாமனிதர்கள், டிக்கெட் விற்கும் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தலையாயவர் தூரக்கணக்கர். ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று கம்பெனியின் இணையதளத்தில் எழுதுவது அவர் வேலை. தன் தங்கை குடியிருக்கும் தூரத்து நகரத்துக்குப் பதினோரு மணி நேரம் என்று எழுதியிருந்தார். மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"எதிர்க் கம்பெனிக்காரன் ஒன்பதுன்னு போட்டிருக்கான்யா!"

"சார், ரெண்டு பேரும் ஏத்திவிடுறது ஒரே விமானம். ஊரும் இருந்த இடத்துலதான் இருக்கு."

"ஊரை யாருய்யா நகர்த்தச் சொன்னா? நேரத்தைக் குறை. நடுவுல விமானம் மாறக் காத்துக்கிடக்கிறோமே, அது பயணமா?"

"இல்லீங்களா சார்?"

"உட்கார்ந்திருக்கிறவன் எப்படிய்யா பயணம் போவான்?"

"பெட்டி வர்ற வரைக்கும் நிக்கிறது?"

"அது பெட்டியோட பயணம். மனுஷனோடது இல்ல."

வரிசை, சோதனை எல்லாம் ஒருமனதாக நீக்கப்பட்டன. தேநீர் வருவதற்குள் பதினொன்று ஆறாயிற்று. காலனை வென்றவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். காலத்தை வென்றவருக்கு அன்று கேடயம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. பதிவு அலுவலகத்தில் அப்பா இடத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான்.

"முந்தின நாளே வந்துடு அண்ணா," என்றாள் போனில்.

"எதுக்கும்மா? ஆறு மணி நேரம்தானே? காலையில ஏறினா மத்தியானம் உன் முன்னாடி நிப்பேன்."

அடுத்தவர் எழுதியதைச் சந்தேகப்படலாம். தானே எழுதியதை எப்படிச் சந்தேகப்படுவது?

விமானத்தைக் குறை சொல்ல முடியாது, ஒழுங்காகவே பறந்தது. வரிசையில் நின்றபோதும், நடுவூரில் நாற்காலியோடு ஒட்டிக்கிடந்தபோதும் அவர் பயணம் செய்யவே இல்லை. ஆனால் கைக்கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழுவின் தீர்மானம் அதற்கு வந்துசேரவில்லை போலும்.

அவர் மூச்சிரைக்கப் போய் நின்றபோது பதிவு அலுவலகத்தின் காவலாளி பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண உடுப்பு கசங்க, தங்கை மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வண்டி பிடிக்கப் போயிருந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. உண்மையில நான் பயணம் பண்ணினது ஆறு மணி நேரம்தான்."

தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து, மடங்கிக்கிடந்த அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்பா இடத்துல..." என்று இழுத்தார். "யாரும்மா நின்னா?"

"எதிர்வீட்டு டெய்லர். முட்டிவலியோட நடந்தே வந்தார் அண்ணா. நேரத்துக்கு வந்துட்டார்."