இன்குபேட்டருக்கு இரண்டு நாள் லீவு

கூச்ச சுபாவம் உள்ளவனை நம்பி எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவன் திருட மாட்டான், உடைக்க மாட்டான். ஆனால் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்கவும் மாட்டான். தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவான். நான் அப்படி ஒருமுறை முடிவுக்கு வந்ததில், ஒருவருடைய ஒரு மாத உழைப்பு இரண்டே நாளில் செத்துப்போனது.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். படிப்பு பத்தாவதோடு சரி. நாற்பத்தைந்து வயதில் வயல் வேலைக்கு முதுகு மறுத்துவிட்டதால், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். கண்ணாடிச் சாமான் கழுவுவது, தரை துடைப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது. வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ('உங்க வாயில என்ன கொழுக்கட்டையா' என்று கேட்டுக் கேட்டு என் மனைவி மல்லிகாவுக்கே அலுத்துவிட்டது.)

அங்கே ஆராய்ச்சி செய்தவர் பர்வீன் மேடம், முத்துப்பேட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அறையின் மூலையில் சின்ன பீரோ மாதிரி ஒரு பெட்டி இருந்தது. அதுதான் இன்குபேட்டர். உள்ளே தட்டுத் தட்டாக ரோஜா நிறத் தண்ணீர். அதில் ஏதோ வளர்கிறது என்று தெரியும். என்னவென்று கேட்க எனக்கு மூன்று வாரமாக வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவரே சொன்னார்.

"ஸ்டெம் செல்லுண்ணே. என்ன ரகம்னு இன்னும் முடிவாகாத விதைநெல்லுன்னு வச்சுக்கங்க. தினம் தீனி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி, இன்சுலின் சுரக்குற கணையத்து செல்லா ஆக்கணும். இந்தப் பெட்டிதான் நாத்தங்கால். என்னைக்காவது ஒருநாள் நோயாளி உடம்புல நடவு."

விதை, நாற்று, நடவு என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவருடைய தங்கை சமீராவுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டதாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகிற வகை. பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நான்கு ஊசி. இதைச் சொல்லும்போது மேடம் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நானும் அந்தப் பெட்டியைக் கடக்கும்போது மெதுவாக நடப்பேன், தூளியில் பிள்ளை தூங்குவது போல.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கும் விஜயதசமிக்கும் சேர்த்து இரண்டு நாள் விடுமுறை. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, செல்களைப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சியைத் தொடர விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க இருந்தது. செல்கள் ஏறக்குறையத் தயார். மேடம் இரண்டு நாளைக்குச் சேர்த்துத் தீனி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

"பூஜையை நல்லாப் பண்ணுங்கண்ணே. எனக்குப் பொரிகடலை எடுத்து வைங்க. ஒண்ணே ஒண்ணு, பெட்டிக் கதவை மட்டும் திறந்துடாதீங்க."

நான் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

மறுநாள் எல்லா மெஷினையும் துடைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். சாம்பிராணிப் புகையை வாசலோடு நிறுத்திக்கொண்டேன். (எனக்கும் பொறுப்பு உண்டு.) எங்கள் பக்கம் ஆயுத பூஜையன்று மண்வெட்டிகூட வேலை செய்யாது. டிராக்டர் மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். ஒவ்வொரு மெஷினாக அணைத்துக்கொண்டே வந்தேன். ஃப்ரிட்ஜை விட்டுவிட்டேன். அணைத்தால் பால் கெட்டுப்போகும் என்று எனக்கும் தெரியும். கடைசியில் இன்குபேட்டர்.

தயங்கினேன். மேடத்துக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் ஊருக்குப் போனவரைத் தொந்தரவு செய்வதா, எப்படி ஆரம்பிப்பது, அவருடைய அப்பா எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று யோசித்ததில் வியர்த்துவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டேன். பெட்டியைப் பார்த்தேன். பாவம், ராப்பகலாக ஓடுகிற ஜீவன். மாட்டுக்கே ஒருநாள் ஓய்வு உண்டு. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்து, நெற்றிப் பக்கம் ஒரு பெரிய குங்குமப் பொட்டும் வைத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

விடுமுறை முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் அது கூவ ஆரம்பித்தது. இரண்டு நாள் தூங்கி எழுந்த உற்சாகம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்த மேடம் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார். ரோஜா நிறத் தண்ணீர் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒரு தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திரும்பாமலே கேட்டார். "கரண்ட் போச்சாண்ணே?"

நான் தலையாட்டிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. எது கேட்டாலும் முதலில் தலையாட்டுவது என் வழக்கம். தஞ்சாவூரில் கரண்ட் போச்சு என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஆனால் மேடம் உடனே போனை எடுத்து, ஜெனரேட்டர் பார்க்கும் முருகையனைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடாமல் எங்கே போய்த் தூங்கினீர்கள், இன்றைக்கே உங்கள் மேல் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, மேடத்தின் குரல் உடைந்தது. முருகையனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

என் நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் நானாக வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கரண்ட் போகல மேடம். நான்தான் அணைச்சேன்."

போனை வைத்துவிட்டார். "ஏன்?"

"ஆயுத பூஜை. ஓய்வு குடுத்தேன்." ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "கதவைத் திறக்கல மேடம்" என்றேன்.

அவர் குங்குமப் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கே லீவு கிடைக்காதுண்ணே. அதுக்கு ரெண்டு நாள் குடுத்தீங்களா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். பிறகு முருகையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

வேலை போய்விட்டது என்றுதான் வீட்டுக்குச் சொன்னேன். போகவில்லை. குழு வந்தபோது மேடம் எழுந்து, அந்தப் பெட்டியை அணைக்கக் கூடாது என்று தான் யாரிடமும் சொல்லி வைக்காதது தன் தப்பு என்றார். பின்வரிசையில் டீத்தட்டோடு நின்றிருந்த எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. குழு இரண்டு மாதம் தவணை கொடுத்தது.

உறையவைத்த விதை கொஞ்சம் மிச்சமிருந்தது. திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடவை தீபாவளியன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு பஸ் ஏறி வந்து, பெட்டியின் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் இட்லி தின்றேன். தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது மேடம் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் விட்டு, பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். செல்கள் இன்சுலின் சுரந்திருந்தன. உடனே தங்கைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எனக்கு எப்பக்கா வைப்ப?" என்றது அந்தக் குரல்.

"இன்னும் நாளாகும்டி. எத்தனையோ பரீட்சை பாக்கி இருக்கு. வருஷக் கணக்காகலாம்."

"சரி, பரவால்ல. ஆனா அந்த அண்ணன்கிட்ட சொல்லு, நடுவுல லீவு விட வேணாம்னு."

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. வீட்டில் நான் மத்தியானம் கொஞ்சம் படுத்தால் போதும், "அம்மா, அப்பாவுக்கு ரெண்டு நாள் ஓய்வு குடுத்துடாத, நெறம் மாறிடுவாரு" என்கிறாள் என் மகள். மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சமீராவுக்கு இன்னும் நான்கு ஊசிதான். ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் முத்துப்பேட்டையிலிருந்து போன் வரும். வணக்கம்கூடக் கிடையாது.

"அண்ணே, ஓடுதா?"

"ஓடுதும்மா."

போன வருடம் அவள் கூப்பிடும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. காலை ஆறு மணிக்கு நானே போன் செய்துவிட்டேன். எடுத்தது அவளுடைய அப்பா. அவரிடமும் சொன்னேன், ஓடுகிறது என்று.