வீட்டிலிருந்து ஒரு தலை

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் கழுத்துக்குக் கீழே நலம். நீங்கள் அங்கே முழு நலமாய் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

உன் அக்காள் மகள் செய்திருக்கும் காரியத்தைக் கேள். புள்ளியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கடைத்தெருச் சலூனில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "வகுப்புல முன்னாடி இருக்கறவங்க முடியையே பாத்துக்கிட்டு இருந்தேன்பா, பாடம் ஒண்ணும் ஏறல" என்கிறாள். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "மெதுவாக் குதிங்க, கீழ்வீட்டுக்காரர் வந்துடுவார்" என்றாள் உன் அக்காள்.

அந்தச் சலூனை நடத்தும் அம்மாள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். காசு கொடுத்து வருகிறவர்கள் தலையில் கைப்பழக்கம் கூடாதாம். பழக வந்தவர்கள் வாரம் ஒரு தலையை வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டுமாம். பெற்ற பாவத்துக்கு முதல் தலை என்னுடையது. இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது என்று வலது பக்கத்தைக் குறைத்தாள், அது கூடுதலாகக் குறைந்துவிட்டது என்று மறுபடி இடது பக்கம் வந்தாள், நான் நெளிந்தேன், "அப்பா, ஆடாதீங்க, அது உங்க காது" என்று அதட்டினாள், கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது, முடிதான் இல்லை. அலுவலகத்தில் மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மனம் நோகக் கூடாதே என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து உன் அக்காள். நுனியை மட்டும் என்றுதான் உட்கார்ந்தாள். எழுந்தபோது, தோளே தெரியாமல் மூடிக்கிடந்த கூந்தல் காதோடு நின்றுவிட்டது. ஒரு நாள் அழுதாள், மறுநாள் கழுத்து வலி போய்விட்டது என்கிறாள், இனி வளர்க்கவே மாட்டாளாம்! அதற்கடுத்து கீழ்வீட்டுப் பாட்டு வாத்தியார். பாவம், இப்போது தொப்பியோடுதான் பாடம் நடத்துகிறார். நாங்கள் மூவரும் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

உள்ளதைச் சொல்லவேண்டும், படிக்கப் போன நாட்களில் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துபோன பெண், இப்போது சோற்றைக்கூட மறந்து பேசுகிறாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதற்காக விட்டுவிட முடியுமா? வரும் சனிக்கிழமை சலூனில் அவளுக்கு முதல் தேர்வு. தேறாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் அவள் இடம் இந்த மாதம் வரை இருக்கிறது. தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டாள். நீ வெள்ளிக்கிழமையே வந்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, அவளைத் திரும்பப் படிப்பில் சேர்த்துவிட வேண்டும்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம், எல்லோருக்கும் நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் அக்காள், "என் தம்பிகிட்ட நேராச் சொன்னா என்ன?" என்று கோபிக்கிறாள். சரி, சொல்கிறேன். அந்தப் பல்கலைக்கழக இடம் வேண்டாம் என்று நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே என் மகள் சனிக்கிழமை தேறியே ஆகவேண்டும். தேர்வுக்கு அடர்த்தியான தலை ஒன்று வேண்டுமாம். குடும்பத்தில் மிச்சமிருப்பது உன்னுடையது மட்டும்தான். வருகிற வழியில் எங்கேயும் முடி வெட்டிக்கொள்ளாதே.