புலப்படாமை ஒருங்கிணைப்பாளர்

கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்ட அனுமதி வழங்கும் அலுவலகத்தில் நான் முதுநிலை உதவியாளர். அனுமதி கேட்டு மனுக்கள் வரும். மனுக்கள் கோப்பாகும். கோப்புகள் கணினியில் ஏறும். ஏறியது எதுவும் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. நாட்டுக்கு இன்றியமையாத இந்தப் பணியில் என் இளமையையும் தலைமுடியையும் கணிசமாகச் செலவழித்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒருவனுக்கு என்றைக்காவது 'சிறந்த ஊழியர்' விருது கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்த்ததில் தப்பே இல்லை. திடீரென்று கொடுத்துவிட்டால் மேடையில் திருதிருவென்று விழிக்கக் கூடாது அல்லவா? அதனால் முன்னேற்பாடாக ஓர் ஏற்புரை எழுதி அலுவலகக் கணினியில் தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். அப்படி ஒரு விருதே எங்கள் துறையில் அப்போது கிடையாது. அது துறையின் குறை.

மதியச் சாப்பாட்டுக்கு மேல் என் கணினியை டைப்பிஸ்ட் மேடமும் பயன்படுத்துவார். அவர் கண்ணில் ஏற்புரை பட்டால் சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன் உட்பட அத்தனை பேரும் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆகவே கணினி பழுது பார்க்கும் என் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அத்தான், அந்த ஃபோல்டர் மேல மவுஸை வச்சு வலது பட்டனை அமுக்குங்க. கடைசியில 'ப்ராப்பர்ட்டீஸ்'னு வரும். உள்ள போனா 'ஹிடன்'னு ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டு ஓகே குடுங்க."

கொடுத்தேன். ஃபோல்டர் கண்ணெதிரே கரைந்தது.

"டேய், போயிடுச்சுடா!"

"போகல அத்தான். அங்கேயேதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"சாயங்காலத்துல எங்க மேனேஜர் மாதிரியா?"

"அவரை எனக்குத் தெரியாது. திரும்பப் பாக்கணும்னா மேல 'வியூ'ல போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்'ல டிக் போடுங்க. எல்லாம் வெளிய வந்துரும். டிக்கை எடுத்தா மறுபடி மறைஞ்சிரும். ஆமா, அப்படி என்னத்தை மறைக்கிறீங்க? அக்காவுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ் ரகசியம்டா" என்று வைத்துவிட்டேன்.

திரும்பினால் பின்னால் மேனேஜர். சத்தமே வராத செருப்பு போட்ட மனிதர்.

"இப்ப இங்க ஒண்ணு இருந்துச்சே, எங்கய்யா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வேறு ஏதோ சொன்னது. "பாதுகாப்பு நடவடிக்கை சார். ரொம்ப முக்கியமான கோப்பு. கண்டவங்க கண்ணுல படக்கூடாதுன்னு மறைச்சேன்."

பல வருடங்களாக என்னை "யோவ்" என்று மட்டுமே கூப்பிட்ட மேனேஜர், "உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். இருந்தாலும் மரியாதைக்காக ஒருமுறை எழுந்து உட்கார்ந்தேன்.

மதியமே சுற்றறிக்கை வந்தது. 'முக்கியத்துவம் வாய்ந்த கோப்புகள் யாவும் இனி புலப்படா நிலையில் பேணப்பட வேண்டும் எனவும், மேற்படி பணியைச் செவ்வனே நிறைவேற்றும் பொருட்டு முதுநிலை உதவியாளர் அவர்கள் புலப்படாமை ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்படுகிறார் எனவும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.'

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்படின்னா என்ன வேலை?"

"யாரும் எதையும் பாக்க முடியாதபடி பாத்துக்கணும்."

"அதைத்தானே இத்தனை வருஷமா பண்றீங்க? இப்பத்தான் பேர் வச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாளே பிரச்சினை ஆரம்பித்தது. பதிவறை எழுத்தர் முகம் கறுத்து என் மேஜைக்கு வந்தார். "சார், என் கோப்பெல்லாம் இன்னும் தெரியுது."

"தெரிஞ்சா என்ன?"

"என்னவா? எதிர் சீட்டுக்காரனோடது ஒண்ணுகூடத் தெரியல. அப்ப அவன் வேலை முக்கியம், என் வேலை முக்கியமில்லையா? வேணும்னேதானே விட்டீங்க?"

நியாயமான கேள்வி. அவருடையதையும் மொத்தமாக என் கணினிக்கே வாங்கி மறைத்தேன். அடுத்தவர் வந்தார். தன் கோப்பு முக்கியமில்லாதது என்று ஒத்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் ஒருத்தர்கூடத் தயாராக இல்லை. கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம்கூட மறைக்கப்பட்டது. அதன் விளைவுகளை நான் விவரிக்க விரும்பவில்லை. மனுக்கள், ஆட்சேபங்கள், பதில்கள், பதில்களுக்கான பதில்கள் எல்லாம் போயின. எந்தக் கணினியைத் திறந்தாலும் வெறும் திரையில் ஒரு பச்சை மலையும் நீல வானமும்தான். அலுவலகமே விடுமுறைக்குப் போன மாதிரி அழகாக இருந்தது.

அந்த அழகுக்கு நடுவில் ஒருநாள் தையல்காரம்மா வந்து நின்றார். சந்துக்குள் சின்னத் தையல்கடை வைத்திருப்பவர். சந்து முனையில் ஒரு பலகை மாட்ட அனுமதி கேட்டிருந்தார்.

"சார், என் மனு என்னாச்சு?"

"பத்திரமா இருக்கும்மா."

"எங்க இருக்கு?"

"அது தெரியாது. தெரிஞ்சா பத்திரம் இல்லைன்னு அர்த்தம்."

"எப்ப முடியும் சார்?"

"உங்களுது முக்கியமான மனும்மா. முக்கியமில்லாததா இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

அந்தம்மா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. "என் கடையும் அப்படித்தான் சார். இருக்கு, ஆனா யாருக்கும் தெரியல. முனை வரைக்கும் வர்றவங்க பெரிய கடை எதையாவது பாத்து அங்க போயிடறாங்க. பாதி நாள் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிட்டுத் திரும்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே அவர் மனுவை வெளியே எடுக்கத்தான் மவுஸைப் பிடித்தேன். ஆனால் அந்த டிக்கைப் போட்டால் எல்லாமே வெளியே வரும். ஏற்புரையும் வரும். பக்கத்திலேயே டைப்பிஸ்ட் மேடம் உட்கார்ந்திருந்தார். மேடம் சாப்பிடப் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் டப்பாவை மேஜையிலேயே திறந்துவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். எங்கள் துறையில் நாளை என்பது மிகப் பெரிய நாள்.

இதற்கிடையில் தலைமையகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். மேனேஜர் எலுமிச்சம்பழ நிறத்தில் புதுச் சட்டை போட்டிருந்தார். அதிகாரி ஒவ்வொரு கணினியாகத் திறந்தார். மலை, வானம். மலை, வானம்.

"நிலுவைக் கோப்புகள் எங்க?"

"நீங்களே பாருங்க சார்" என்றார் மேனேஜர். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல ஒரு கோப்புகூட நிலுவையில்லாத ஆபீஸை இப்பத்தான் பாக்கறேன். 'நிலுவையற்ற அலுவலகம்'னு ஒரு விருதே இதுக்காக ஏற்படுத்தப் போறேன். அடுத்த வாரம் விழா. யாராவது ஒருத்தர் ஏற்புரை தயார் பண்ணுங்க."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தையல்காரம்மா உள்ளே நுழைந்தார். "சார், என் மனு..."

அதிகாரி அன்பாகத் திரும்பினார். "இங்க மனுவே இல்லையேம்மா."

"குடுத்தேன் சார். இவர்கிட்டதான் குடுத்தேன்."

"நானே பாத்துட்டேன். இல்லைன்னா நீங்க குடுக்கலைன்னுதான் அர்த்தம். அதிகாரிங்க மேல பழி போடக் கூடாது."

அந்தம்மா என்னைப் பார்த்தார். மேனேஜரும் என்னைப் பார்த்தார், கொஞ்சம் வேறு மாதிரி. நான் பேசாமல் இருந்தால் எனக்கு மேடை, மாலை, கைதட்டல். அந்தம்மாவுக்குப் பொய்க்காரி என்ற பட்டம். என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள்; நான் வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் விரல்தான் முந்திக்கொண்டது. டிக் விழுந்துவிட்டது.

ஷோ முடிந்து தியேட்டர் கதவைத் திறந்த மாதிரி கோப்புகள் திமுதிமுவென்று வெளியே வந்தன. மலை மறைந்தது. வானம் மறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரிசையில், என் ஏற்புரை.

அதிகாரி அதைத் திறந்து சத்தமாகவே வாசித்தார். "'இந்த விருதுக்கு நான் தகுதியானவனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆம் என்று பதில் வந்தது.'"

டைப்பிஸ்ட் மேடம் சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி அடுத்ததைத் திறந்தார். அது டைப்பிஸ்ட் மேடத்தின் ஏற்புரை. அதற்கடுத்தது பதிவறை எழுத்தருடையது. மேனேஜருடையது எல்லாவற்றையும்விட நீளம். நடுவில் 'இங்கே கண்கலங்கவும்' என்று குறிப்பு இருந்தது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நிலுவையற்ற அலுவலகமா இது?" என்று அதிகாரி கர்ஜித்தபடியே கீழே கீழே உருட்டிக்கொண்டு போனார். திடீரென்று நிறுத்தினார். குரல் இறங்கியது. "இது... என் வீட்டம்மாவோட அழகு நிலையம். பலகைக்கு மனு குடுத்துட்டு தினம் என்னைத் திட்டிட்டிருக்கா. இது ஏன்யா இங்க கிடக்கு?"

"அதுவும் ரொம்ப முக்கியமானது சார்" என்றேன்.

அதற்குப் பிறகு வேலை நடந்த வேகத்தை எங்கள் துறை அதுவரை கண்டதில்லை. அழகு நிலையத்துக்கு அனுமதி. சாட்சியாக நின்றுவிட்ட காரணத்தால் தையல்காரம்மாவுக்கும் அனுமதி. மேனேஜர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மா காகிதத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, குறிப்பு இல்லாமலே.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "விருது அறிவிச்சாச்சு. அறிவிச்சதை மாத்தினா தலைமையகத்துக்குத்தான் கேவலம். மீதியை மறுபடி மறைச்சிடுங்க."

எனக்கு மனசு வரவில்லை. திரையில் இன்னும் எத்தனையோ கடைகள் வரிசையில் நின்றன. ஆதரவுக்குத் தையல்காரம்மாவைப் பார்த்தேன். கஷ்டம் தெரிந்தவர், நாலு வார்த்தை கேட்பார் என்று நம்பினேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனுவுக்கு அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"சார், இது எங்க சந்துல எதிர்த்தாப்புல புதுசா தையல்கடை போட்டிருக்காங்களே, அந்தம்மா மனுவா?"

"ஆமாம்மா."

"அதுவும் முக்கியமானதா?"

"முக்கியமானதுதான்."

"அப்ப அதை நல்லா மறைச்சு வைங்க சார்" என்றார்.