விக்டோரியா அக்கா எழுதிய பரீட்சை

எழுபதுகளின் சிட்னியில், எந்தப் பேச்சையும் நூறு வருடம் பின்னால் இழுத்துப்போகத் தெரிந்த ஒரே நர்ஸ் எங்கள் விக்டோரியா அக்காதான்.

சொந்தப் பெயர் வேறு. யாழ்ப்பாணத்துக்காரர், ஊரில் பிரசவம் பார்த்தே பழுத்தவர். நானும் மதுரையில் அதே வேலை பார்த்தவள்தான். இங்கே எங்கள் சான்றிதழ் செல்லாது, மறுபடி படியுங்கள் என்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. வார்டும் வகுப்பும் முடிந்து, ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் விழுவேன்.

"பிள்ளை, நித்திரையோ?"

"ஆமாக்கா."

"விக்டோரியா ராணி காலத்தில மருத்துவிச்சியளுக்குச் சோதனையே இல்லை, தெரியுமோ? ஆரும் பிள்ளைப்பேறு பாக்கலாம். டொக்டர்மார் அவையளைக் குடிகாரியள் எண்டு பழிச்சவை. பிறகு பொம்பிளையள் சங்கம் வைச்சு, 'படிப்புத் தாங்கோ, சோதனை வையுங்கோ' எண்டு…"

நான் குறட்டை விடுவதுபோல நடிப்பேன். குறட்டைக்கு மேல் குரலை உயர்த்துவார்.

ஒருமுறை, வலியில் துடித்த கிரேக்கப் பெண்ணிடமே ராணி தன் பிரசவத்துக்கு மயக்கமருந்து எடுத்த கதையை ஆரம்பித்தார். கதையில் சங்கம் வைப்பதற்குள் குழந்தை வந்துவிட்டது.

"கேக்க அதுக்கு எவ்வளவு அவசரம், பாத்தீரே?" என்றார்.

இறுதிப் பரீட்சை வந்தது. முதல் கேள்வியே, 'பிரசவம் பார்ப்பது படித்தவர் தொழிலானது எப்படி?' நான் அடுத்த கேள்விக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால், அக்கா முகத்தில் கல்யாணக்களை! தாள் மேல் தாள் வாங்கினார். மணி அடித்தபோதும் அவர் தாளில் ராணி உயிரோடுதான் இருந்தார். மற்ற கேள்விகளைத் தொடவே இல்லை.

நான் தேறினேன். அக்கா தோற்றார்.

"ஏன்க்கா இப்படி?"

"இவ்வளவு காலத்தில ஒருத்தரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை, பிள்ளை. கேட்டவுடன விடேலாமல் போச்சு."

அதன்பின் வார்டில் எனக்குக் கீழே உதவியாளராக, நோயாளிகளுக்குப் படுக்கை விரித்தார். முகம் சுளிக்கவில்லை. அறையில் மட்டும் பேச்சு நின்றுபோனது. நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை.

மறுபரீட்சையன்று வேலை முடிந்து, கால் விண்விண்ணென்று தெறிக்க வாசலில் காத்திருந்தேன். அக்கா தொங்கிய முகத்தோடு வந்தார்.

"சரியா எழுதலையாக்கா?"

"எல்லாம் எழுதினன். பாஸ்தான்." பிறகு தேறவும் செய்தார். "ஆனா, அதைக் கேக்கேல்லை."

பஸ் வந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் கட்டில் ஒன்றுதான். பஸ்ஸைப் போகவிட்டேன்.

"நடந்தே போவோம்க்கா. சங்கம் வச்சாங்களே… அப்புறம் என்னாச்சு?"